இரண்டாம் பாகம் மட்டும் வந்த வாரம்

படம் பிடித்தவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போவார்கள், பிடிக்காதவர்கள் டிக்கட் கொடுத்தவளைத் தேடி வருவார்கள். படமாளிகைத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் இது. தபால் கந்தோரிலோ பஸ் நிலையத்திலோ ஒரு சின்ன ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். தப்பு எங்கே நடந்தாலும் திட்டு அந்த ஓட்டை வழியாகத்தான் வரும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பதுளையில் ஒரு படமாளிகையில் பதினொரு வருடம் பெண்கள் கவுண்டரில் இருந்தேன். வீட்டில் சம்பாதித்தது நான் ஒருத்திதான். அதனால் மழை பெய்தாலும் பயம், கூட்டம் குறைந்தாலும் பயம். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு விண்வெளிப் படம் அந்தப் பயத்தையெல்லாம் ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொட்டியது.

முதலாம் பாகம் வராத ஊர்

கொழும்பில் மாதக்கணக்காக ஓடிய இங்கிலீஷ் படம். அதைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எங்கள் மேனேஜர் ஜமால் நானாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி வந்த பிறகுதான் அது இரண்டாம் பாகம் என்று தெரிந்தது. முதலாம் பாகம் கண்டியோடு நின்றுவிட்டது. மலையேறி எங்கள் பக்கம் வரவே இல்லை.

போஸ்டரில் ஆறு கால் உள்ள ஓர் இரும்பு மிருகம், எரிகிற வானம், துப்பாக்கியோடு நாலு ஆண்கள். ஒரு மூலையில் பெருவிரல் அளவுக்கு ஒரு பெண். இதற்கு எந்தத் தோட்டத்துப் பெண் வரிசையில் நிற்பாள் என்று அப்போதே யோசித்தேன். பெண்கள் பக்கம் ஏற்கெனவே கொஞ்ச நாளாக மந்தம். புதன்கிழமை படம் தொடங்கும்போது ஜமால் நானா ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்து என் கவுண்டர் ஓரமாகச் சாத்தி வைத்தார்.

"ஞாயித்துக்கெழம மெட்னி வரைக்கும் பாப்பேன் புள்ள. அதுக்கும் ஒங்கட பக்கம் காலியா ஈந்தா, இந்தப் பலகைய அடிச்சி ஓட்டைய மூடிட்டு ஒரு கவுண்டரோட நடத்துவம்."

நோட்டீஸ்

எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு படத்துக்கும் கதைச்சுருக்கம் அச்சடித்துக் கொடுப்போம். பாதிக் கதையைச் சொல்லி, கதாநாயகிக்கு ஆபத்து வரும் இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவோம். இந்தப் படத்துக்கும் ஜமால் நானாவே உட்கார்ந்து எழுதினார். முதலாம் பாகத்தை அவரும் பார்த்ததில்லை. போஸ்டரைப் பார்த்து எழுதினார்.

முதல் மெட்னி, அதாவது பகல் காட்சி, விட்டதும் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் நோட்டீசை நாலாக மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆண்கள் கவுண்டர்காரர் படம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணிக்குப் போய்விடுவார்; ஆகவே ஆண்களின் முறைப்பாடும் எனக்குத்தான். படம் நடுவிலேயே அறுந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, கடைசி ரீல் வரை ஓடியது என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு நோட்டீசின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மீதிய திரையில பாக்கச் சொன்னீங்க, பாத்தேங்க. திரையில விட்ட மீதிய எங்க போய்ப் பாக்கிறது?"

நிறையும் குறையும்

வியாழக்கிழமை அப்புத்தளைத் தோட்டமொன்றின் கிளாக்கர் வந்தார். கொழும்பில் முதலாம் பாகம் பார்த்தவர் என்பதால் அவரைச் சுற்றிப் பத்துப் பேர். முதலாம் பாகத்தைவிட இதில் சண்டைகள் நன்றாக இருக்கின்றன, கப்பல்கள் கயிறு கட்டித் தூக்கியது போலத் தெரியவில்லை, வில்லனுக்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள் என்றார். குறை என்னவென்றால், நடுவில் ஒரு மணி நேரம் எல்லாரும் குகைக்குள் இருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கூட்டாளி ஏன் காட்டிக்கொடுத்தான் என்பதைச் சொல்லவில்லை, முடிவும் இல்லை. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். நாளைக்கு யாராவது திட்டினால் பதில் சொல்ல உதவுமே.

பக்கத்தில் வெலிமடை மரக்கறி வியாபாரி ஒருவர் வெற்றிலை மென்றபடி நின்றார். கிளாக்கர் சொன்ன எதையும் அவர் காதில் போட்டதாகத் தெரியவில்லை.

"அதெல்லாம் விடுங்க ஐயா. அந்த ஆறு கால் மிருகத்துல ஒண்ணு கெடச்சாப் போதும், ஏத்தத்துல லீக்ஸ் மூட்டையோட நின்னுபோற லொறிய இன்னைக்கே வித்துருவேன்."

அரைப்பேர்

தோட்டத்தில் முழுநாள் வேலை செய்தும் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பாதிச் சம்பளம்தான் எழுதுவார்கள்; அதற்குப் பெயர் அரைப்பேர். மெட்னி விட்டு வந்த ஓர் இளந்தாரி டிக்கட் துண்டை என் முன்னால் வைத்தான். நான் ஏதும் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்.

"ரெண்டரை மணி நேரம் முழு வேல வாங்கிட்டு, கடைசில அரைப்பேர் போட்டு அனுப்பிட்டாங்க அக்கா."

பாட்டு இருக்கா?

வெள்ளிக்கிழமை என் பக்கம் இரண்டே பெண்கள் வந்தார்கள். இரண்டு நாளாகப் பலகையைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிருந்தது. மூத்தவள் கையை உள்ளே நீட்டி, "பாட்டு இருக்கா அக்கா?" என்றாள். நான் படத்தைப் பார்த்ததே இல்லை. இருந்தும், "இருக்கு" என்று சொல்லி டிக்கட்டைக் கிழித்துவிட்டேன்.

இடைவேளையில் இருவரும் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் சில்லறை தேடுவது போலக் குனிந்துகொண்டேன். மூத்தவள் ஓட்டைக்கு முகத்தை வைத்து, கத்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பொம்பள சொன்னத நம்பி பொம்பளைங்க உள்ள போனோம் அக்கா."

கதவு

அதற்குப் பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை மெட்னிக்கு என் பக்கம் ஒருத்தியும் இல்லாததால், கவுண்டரைப் பூட்டிவிட்டு வாசல் திரையோரமாக நின்று முதன்முதலாகப் படத்தைப் பார்த்தேன். குகைப் பேச்சு கிளாக்கர் சொன்னதைவிட நீளம். இரும்பு மிருகம் நடக்கும்போது கூரைத் தகரம் அதிர்ந்தது. எனக்குக் கால் வலித்தது.

கடைசியில் அந்த நட்சத்திரத்து ஜனங்களை ஏற்றிப்போக ஒரு கப்பல் வருகிறது. சாம்பல் நிறக் கோட்டுக்காரன் ஒருவன் தாளைப் பார்த்துப் பெயர் வாசிக்கிறான். பெயர் வந்தவர்கள் மூட்டையோடு ஏறுகிறார்கள். மகளின் பெயர் வருகிறது, தாயின் பெயர் வரவில்லை. பேச்சு ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தோட்டத்து ஜனங்களைப் பெயர் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் என் தங்கச்சி பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறிய அன்றைக்கும் இப்படித்தான் தாளை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். கப்பலின் கதவு இறங்குகிறது. தாய் இந்தப் பக்கம் நிற்கிறாள். படம் அதோடு சரி.

விளக்குப் போட்டதும் ஆண்கள் பக்கம் விசில், காலால் தட்டுகிற சத்தம். வாசலில் டிக்கட் கிழிக்கும் முத்தையா அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு நாளா இந்த எடத்துல விசில்தான் கேக்குது. மூக்கச் சிந்துன மொத ஆளு நீதான் தங்கச்சி."

ஞாயிறு மெட்னி

சனிக்கிழமை சாயந்தரம் கடைவீதியில் சாமான் வாங்க வந்த தோட்டத்துப் பெண்கள் போஸ்டரைப் பார்த்து நின்றார்கள். நான் வெளியே போய் உள்ளதைச் சொன்னேன். பாட்டு இல்லை, நடுவில் கொட்டாவி வரும், முடிவும் கிடையாது. கடைசியில் கோச்சி ஏற்றுகிற மாதிரி ஒரு காட்சி இருக்கிறது, பெயர் வாசித்துப் பிரிக்கிறார்கள். கேட்டுவிட்டு எல்லாரும் சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உண்மையைச் சொல்லி வேலையைக் கெடுத்துக்கொண்டேனே என்று நான் விடியும்வரை புரண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே பெண்கள் வரிசை சுவரோரமாக வளைந்து பேக்கரி வரை போயிருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து லயம் லயமாக வந்திருந்தார்கள். இருந்த டிக்கட் முடிந்து, ஆண்கள் கவுண்டரிலிருந்து புத்தகம் வாங்கிக் கிழித்தேன். வளையல் போட்ட கைகளாக உள்ளே வந்துகொண்டே இருந்தன. ஜமால் நானா படிக்கட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து பலகையைத் தூக்கினார். அவர் கையில் சுத்தியல் இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் அதை உள்ளே கொண்டுபோய், இரண்டு சோடாப் பெட்டிகள் மேல் போட்டு, இடமில்லாமல் நின்ற ஏழெட்டுப் பெண்களை உட்கார வைத்தார்.

படம் விட்டதும் ஆண்கள் வழக்கம்போல முடிவு எங்கே என்று சத்தம் போட்டார்கள். கண் சிவந்து வந்த ஒரு அம்மா என் ஓட்டையருகே நின்று முந்தானையை இழுத்துச் செருகினார். அவருடைய மகன் குடும்பத்தோடு அக்கரைக்கு, இந்தியாவுக்கு, அனுப்பப்பட்டவன் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள்.

"முடிவு இல்லன்னு கத்துறானுங்க. எம்மவன் கப்பலேறி மண்டபம் காம்புக்குப் போயி ஏழு வருசமாச்சி, அதுக்கு என்ன முடிவு வந்திச்சி? மூணாம் பாகம் வந்தா மட்டும் மறக்காம சொல்லி அனுப்பு தாயி, அந்தப் புள்ளயோட அம்மாவயும் ஏத்துறாங்களான்னு பாக்கணும்."

மூன்றாம் பாகமும் கண்டியோடு நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். கேட்ட பெண்களிடமெல்லாம் "வரும், வரும்" என்று சொல்லிச் சொல்லியே இன்னும் நாலு வருடம் அந்த ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.