பந்து பள்ளத்தில் கிடந்த நேரம்

போடி வட்டாரத்தில் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் முடிவை நாளிதழுக்கு எழுதி அனுப்புவது முப்பத்தோரு வருடமாக என் பொறுப்பு. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தபோதும் அனுப்பினேன், ஓய்வு பெற்ற பிறகும் அனுப்பினேன். யார் ஜெயித்தார்கள், எத்தனைக்கு எத்தனை, பரிசு கொடுத்தவர் யார். நாற்பது சொற்களில் முடித்துவிடுவேன்.

போன ஆனி மாதம் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. இனி எழுத்து மட்டும் போதாது, படமும் ஒலியும் காணொளியும் சேர்ந்த மூன்று நிமிடக் கதையும் கூடவே வர வேண்டும். அதற்காகத் தேனியில் ஆறு நாள் வகுப்பு. வகுப்பு முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு கதை அனுப்ப வேண்டும். தேறியவர்கள் மட்டும் தொடரலாம்.

"எழுபத்திரண்டு வயசுல பரிச்சையா? பேசாம வீட்டுல இருங்களேன்" என்றாள் மனைவி.

"வீட்டுல இருந்தா ஜன்னல் கம்பியத்தான் எண்ணிக்கிட்டு இருக்கணும்."

"அதையும் எண்ணிட்டீகளே. பதினாலு."

வகுப்பு எடுத்தவர் என் மகள் வயதுப் பெண். சென்னையில் தொலைக்காட்சிக்காகக் கிரிக்கெட் படம்பிடித்தவர். தூரத்துக் காட்சி, பக்கத்துக் காட்சி, முகம், கை, கால் என்று பிரித்துப் பிரித்து எடுக்கச் சொல்லித்தந்தார். முதல் மூன்று நாள் நான் எடுத்ததில் எல்லாம் தரைதான் அதிகம் தெரிந்தது. பந்தைத் துரத்திக்கொண்டு ஃபோனும் ஆடியது. நான்காம் நாள் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, பந்து எங்கயும் போகட்டும். நீங்க ஒரே இடத்துல பிடிச்சு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அப்புறம் நிறுத்துங்க" என்றார். எண்ணச் சொன்னதும் எனக்குத் தைரியம் வந்தது.

கடைசி நாள் இன்னொன்றும் சொன்னார். "ஸ்கோரை யாரும் எங்கயும் பாத்துக்கலாம். அங்க நின்னவருக்கு மட்டும் தெரிஞ்சதைக் கொண்டுவாங்க." எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் எத்தனைக்கு எத்தனை என்பதைவிட என்ன இருக்கிறது என்று எரிச்சலாக இருந்தது.

நான் தேர்ந்தது குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் வாலிபால். ஒரு பக்கம் ஜீப் ஓட்டுநர்கள், மறுபக்கம் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள். காய் உலர்த்தும் கொட்டகைக்கு முன்னால் உள்ள முற்றம்தான் மைதானம். ஒரு பக்கம் இடுப்பளவு கற்சுவர், அதற்கு அப்பால் சரிவு. ஆளை மறைக்கும் உயரத்தில் ஏலச்செடி. பந்து சுவரைத் தாண்டினால் அடித்தவர்தான் இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். இருப்பது ஒரே பந்து.

ஓட்டுநர்களில் நன்றாக அடிப்பவருடைய ஜீப்பிலேயே போனேன். பாட்டரி தீருமோ, மழை வருமோ, ஃபோன் பள்ளத்தில் விழுமோ என்று பயந்துகொண்டே நாற்பத்திரண்டு காணொளித் துண்டுகள் எடுத்தேன். ஒவ்வொன்றும் பத்து எண்ணிக்கை. கை ஆடவில்லை. ஸ்கோரைக் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அதையும் எடுத்துக்கொண்டேன்.

இறங்கும் வழியில் ஓட்டுநர், "நான் அடிச்சதக் காட்டுங்க சார்" என்று ஜீப்பை ஓரம் நிறுத்தினார். போட்டுக் காட்டினேன். அவர் எகிறுகிறார், பந்து பறக்கிறது. கூடவே என் குரல்: ஒண்ணு, ரெண்டு, மூணு.

அடுத்த துண்டிலும் அப்படியே. எல்லாவற்றிலும் அப்படியே.

"என்ன சார், வெளையாட்டுக்கு வந்தீகளா, ஏலத்துக்கு மூட்டை எண்ண வந்தீகளா?" அவர் ஸ்டியரிங்கில் தலைவைத்துச் சிரித்தார்.

மனசுக்குள் எண்ணச் சொன்னதை வாய்விட்டு எண்ணியிருக்கிறேன். முப்பத்தாறு வருடம் வகுப்பில் எண்ணிய வாய். ஒலி முழுவதும் வீண். அடுத்த ஞாயிறு விட்டால் மறுநாள் கெடு. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மனைவி ஒரு பொட்டலம் கொடுத்தாள். "வெத்தலை. ஆட்டம் ஆரம்பிச்சதும் வாயில போட்டு அடக்கிக்கங்க. எப்படி எண்ணுறீகன்னு பாப்போம்."

அப்படியே செய்தேன். ஃபோனைக் கற்சுவர்மேல் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டு, வாய் நிறைய வெற்றிலையோடு தள்ளி நின்றேன். பிடிக்கவும் எதுவுமில்லை, எண்ணவும் வழியில்லை. கால் மணி நேரத்தில் ஓட்டுநர் ஓங்கி அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போனது. அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிச் செடிகளுக்குள் மறைந்தார். மீதிப் பதினோரு பேரும் சுவரோரம் வந்து நின்றார்கள்.

"எடது பக்கம் போ மாப்ளே."

"தாழே, தாழே. இன்னும் தாழே."

"அது கல்லுடா, பந்து இல்ல. கண்ணாடி போடு."

"வெரசா வா, மழை வருது."

கீழிருந்து அவர் குரல்: "மேல நின்னு கத்துறவன் ஒருத்தன் எறங்கி வாங்கடா."

"அடிச்சது நீ. ஒன் சோலி அது."

எதிரணிக்காரர் ஒருவர்தான் செடி அசைவதைப் பார்த்து அதிகமாக வழி சொன்னார். பந்து கிடைக்காவிட்டால் அவருக்கும் ஆட்டமில்லை. இந்த மலையில் எத்தனையோ ஆட்டம் பார்த்தவன் நான். பந்து பள்ளத்தில் கிடக்கும் நேரத்தில் புள்ளி ஏறாது என்பதால் பேனாவை மூடி வைத்துவிட்டு மூட்டுவலியைப் பற்றி யோசிப்பேன். அன்று வேறு வழியில்லாமல் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடினேன். முந்தைய ஞாயிறும் பந்து ஒருமுறை சுவரைத் தாண்டியிருந்தது. பத்து முடியாததால் நான் நிறுத்தவில்லை. சுவரோரம் நிற்கும் முதுகுகள் அதில் அசையாமல் பதிந்திருந்தன. அந்தப் படத்துக்கு இந்த ஒலியைச் சேர்த்தால் கச்சிதமாக இருந்தது. ஆனால் அது பொய்யாகாதா? வகுப்பு எடுத்த பயிற்சியாளரை ஃபோனில் அழைத்தேன்.

"ரெண்டும் வேற வேற நாள்னு பாக்கறவங்களுக்குச் சொல்லிட்டீங்கன்னா தப்பில்லைங்கய்யா. மறைச்சாத்தான் தப்பு."

படம் ஒரு ஞாயிறு எடுத்தது, ஒலி அடுத்த ஞாயிறு பதிந்தது என்று திரையில் ஒரு வரி போட்டேன். மொத்தம் மூன்று நிமிடம் ஒன்பது விநாடி வந்தது. ஒன்பதைக் கழிக்க வேண்டும். கூச்சலில் கைவைக்க மனம் வரவில்லை. ஸ்கோரை நான் வாசிக்கும் இடம் கணக்காக ஒன்பது விநாடி இருந்தது. இரண்டு முறை அளந்துவிட்டு அதை வெட்டினேன். ஸ்கோரை எழுத்துச் செய்தியில் சேர்த்து, திங்கட்கிழமை காலையில் அனுப்பினேன்.

புதன்கிழமை பயிற்சியாளரே அழைத்து, தேறிவிட்டேன் என்றார். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன். காணொளியை மனைவி நான்கு முறை பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு ஜீப் ஸ்டாண்டில் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பதினாறு பாயிண்ட் அடிச்சேன் சார். நீங்க என்னன்னா, நான் பள்ளத்துல பந்து தேடுனதப் போட்டுருக்கீக. எங்க தெருவே சிரிக்கிது."

"பதினேழு. எழுத்துல எழுதியிருக்கேன்."

"எழுத்த யாரு சார் படிக்கிறா?" என்றவர், முன் சீட்டில் கிடந்த சாக்கை எடுத்துப் பின்னால் போட்டார். "ஏறுங்க. வெத்தலை இருக்குல்ல?"

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினேன்.