ஓட்டுக்கு முன்னால் துக்கம்

நெரவி தெட்சிணாமூர்த்தி இருபத்திரண்டு வருஷம் இந்தியத் தூதரகங்களில் குப்பை கொட்டியவர். காரைக்காலில் படித்த பிரெஞ்சு கை கொடுத்தது. முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு நாட்டுக்காரர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்து, சிரிக்க வைத்து அனுப்புகிற ஆள்.

அப்படிப்பட்டவர் எழுபத்தொன்பதில் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, கேட்க நாதியில்லை, சட்டசபைக்குப் போயே தீருவேன் என்று எண்பதில் சுயேச்சையாக நின்றார். மாலையும் கழுத்துமாக, வாயெல்லாம் பல்லாக வீடு வீடாகக் கும்பிட்டார். எல்லாரும் வாங்க வாங்க என்றார்கள், மோர் கொடுத்தார்கள். ஓட்டை எண்ணினால் டெபாசிட்டே காலி!

காரணத்தை வரிச்சிக்குடி டீக்கடையில் மாரிக்கண்ணு என்ற விவசாயிதான் மூஞ்சிக்கு நேராகச் சொன்னார்.

"எங்க அப்பாரு செத்து மூணு வருஷம். ஒரு வார்த்தை துக்கம் கேட்கல. மாலையப் போட்டுக்கிட்டு பல்லக் காட்டுனா யாருங்க ஓட்டுப் போடுவா?"

தெட்சிணாமூர்த்திக்குச் சுருக்கென்றது. எந்த நாட்டுத் தலைவர் செத்தாலும் மறுநாளே போய் இரங்கல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர், சொந்த ஊரில் கோட்டை விட்டிருக்கிறார். அடச்சே!

ஆனால் மனுஷன் விடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். "எலும்பே மக்கிப் போச்சு, இப்ப எதுக்கு?" என்று சிலர் எரிந்து விழுந்தார்கள். விழட்டும் என்று உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கால் போகவில்லை. பெரியப்பா மகன் சோமசேகரன் வீடு. எழுபத்துநாலில் இவருடைய அம்மா இறந்தபோது இவர் ஆப்பிரிக்காவில் இருந்தார். மகன் இடத்தில் நின்று கொள்ளி வைத்தது அந்த அண்ணன். நாலு வருஷம் கழித்து அண்ணனும் போனார். இவர் ஒரு தந்தியோடு சரி.

எண்பத்தைந்து தேர்தல். பிரச்சாரம் முடிகிற நாள் மத்தியானம்தான் துணிந்து போனார். அண்ணி பெரியநாயகி வாசலிலேயே மறித்தார்.

"துக்கத்துக்கா ஓட்டுக்கா, தம்பி?"

தூதரகத்து நாக்கில் அதற்கு நூறு பதில் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"ஓட்டுக்குத்தான் அண்ணி ஊர் பூரா துக்கம் கேட்டேன். இந்த வீட்டுக்கு அப்படி வர வெட்கமா இருந்துச்சு. அதான் அஞ்சு வருஷமாச்சு."

அண்ணி ஒதுங்கி வழிவிட்டார். அண்ணன் படுத்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. வரிச்சிக்குடி மொத்தமும் பாக்கி, ஐந்து மணிக்கு மேல் ஓட்டுக் கேட்க முடியாது. தெட்சிணாமூர்த்தி எழவில்லை.

"கடைசி நாளும் கேட்டாரு, தம்பிகிட்டேருந்து கடுதாசி வந்துச்சான்னு."

அவ்வளவுதான், மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். ஜீப் போய்விட்டது.

பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். வரிச்சிக்குடிக்குப் போயிருந்தால் ஜெயிச்சிருக்கலாமே என்று கூட இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும், ஏழு வருஷமாக அந்தப் பக்கமே திரும்பாத பெரியநாயகி அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த தடவையும் நிக்கிறீங்க தம்பி. வரிச்சிக்குடிக்கு நான் போறேன்."