சித்தப்பாவுக்கு நான் வாங்கிய இலை

ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான்தான் மாணவர் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்களைக் கிரிவலப் பாதைக்கு அழைத்துப் போவார்கள். ஊர்ப்பட்ட கூட்டம் அன்னதானம் சாப்பிட்டுவிட்டுப் போட்ட தெர்மாகோல் தட்டுகளைக் கோணியில் பொறுக்கவேண்டும். அவற்றைத் தின்ற மாட்டின் வயிறு என்ன ஆகும் என்று அறிவியல் ஆசிரியர் விளக்கியதில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இறங்காதபடி நான் பேச ஆரம்பித்தேன்.

அப்போது வேங்கிக்கால் வீட்டில் எங்களோடு சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி. பெங்களூரில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர், டி.பி. வந்து, பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றுபோய், எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தார். முன்னறையில் தனிக் கட்டில்; சாப்பாடும் அங்கேயே. நாங்கள் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுவோம். அவருக்கு மட்டும் தெர்மாகோல் தட்டு. சாப்பிட்டதும் எறிந்துவிடலாம். எனக்கு அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது: தெர்மாகோல் மக்காது.

அம்மாவிடம் சண்டை போட்டேன்.

"அதுக்கு இன்னாடா பண்ணச் சொல்ற?"

"இலை வாங்கலாம்மா. மந்தார இலை."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, அதுவும் சரிதான். பாக்கறவங்களுக்கும் மரியாதையா இருக்கும்."

தேரடி வீதிக் கடையில் நானே போய்த் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வோர் இலையாகப் புரட்டி, ஈர்க்குச்சியால் தைத்ததா, நடுவில் எங்காவது பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, வீட்ல விசேஷமா?"

"இல்லீங்க. எங்க சித்தப்பாவுக்கு."

"ஒரு ஆளுக்கா இவ்ளோ இலை?" என்று இலைக்கட்டைத் திரும்ப ஒருமுறை பார்த்தார்.

சித்தப்பா அதற்குமேல் போனார். "அன்னதானத்துலகூட மாசத்துக்கு ஒரு நாள்தான்டா. எனக்கு தினமும் இலை விருந்தா, வாத்தியாரே!" என்று சிரித்தார். சிரிக்கும்போது வழக்கமாக வரும் இருமல் அன்று வரவில்லை. அந்தப் பெருமையையும் மந்தார இலைக்கே கொடுத்தேன்.

மாதங்கள் போயின. மாத்திரைகள் முடிந்தன. பூரணமாகக் குணம், இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிக்குழம்பு வாசனைக்கு நடுவே, சித்தப்பா முன்னறையிலிருந்து எழுந்து வந்து கூடத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணி, பரண்மேல என் பேர் வெட்டின தட்டு இருக்குமே, எடுத்துக் குடுங்களேன். ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வேணும்னா நானே கழுவித் தனியா வச்சிக்கிறேன்."

அப்பா பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். அம்மாவின் கண் என் குட்டித் தங்கையிடம் போய்த் திரும்பியது. கையில் கரண்டி அப்படியே நின்றது. நாலு பேர் பேசாமல் இருந்தால் அந்த வயதில் எனக்கு அது மேடை.

"தட்டு கழுவத் தண்ணி வேணும் சித்தப்பா. சோப்புத்தூள் எல்லாம் சாக்கடைக்குத்தான் போவும். நம்ம ஊர்ல ஏற்கெனவே தண்ணி கம்மி. இலைதான் பெஸ்ட். சாப்ட்டமா, போட்டமா, மக்கிடும்."

அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "பையன் சொல்றதும் வாஸ்தவந்தான்" என்றார். என் கருத்தை அவர் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிங்க வாத்தியாரே. தண்ணி கம்மிதான்."

அவரே எழுந்துபோய் முன்னறையிலிருந்து ஓர் இலையை எடுத்து வந்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டார். அம்மா கறியை நிறையவே வைத்தாள்.

அடுத்த மாதம் பெங்களூருக்கே திரும்பிப் போய்விட்டார். கார்த்திகை தீபத்துக்கு வருவார், தங்கைக்கு மறக்காமல் கவுன் வாங்கி வருவார். சமையல் முடிகிற நேரத்தில், "பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சு அண்ணி" என்று கிளம்பிவிடுவார். எல்லாருக்கும் இலை போடுகிற கல்யாணப் பந்தியில் மட்டும் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் நான் கொல்லைப்பக்கம் போனேன். குழாய் திறந்திருந்தது. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருக்க, அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

"தண்ணிய வீணாக்காதம்மா" என்று குழாயை மூடினேன்.

வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். அன்று முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவேயில்லை. செய்த தப்பை நினைத்து அம்மா வருந்துகிறாள் என்று புரிந்துகொண்டேன். போகட்டும், குடத்துக்கு மேல் கொஞ்சம்தானே வழிந்தது என்று நானும் பெருந்தன்மையாக அவளை மன்னித்துவிட்டேன்.