ஓரம்வரை துடைத்த கண்ணாடி

வண்டியை முன்னால் ஓட்டுவதில் சூசைமுத்துவுக்குப் பயம் கிடையாது. பின்னால் எடுப்பதுதான் அவனுக்கு ஆகாத வேலை. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறியவன். ஒருநாள் அதே லாரியின் பின்னால் நின்று “வா, வா” என்று கூவிக்கொண்டிருந்த இன்னொரு கிளீனர், லாரிக்கும் சரக்குக் கிட்டங்கிச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதை இவன் கண்ணால் பார்த்தான். டிரைவராகி இத்தனை வருஷம் கழித்தும், ரிவர்ஸ் கியரில் கை வைத்தால் அந்தச் சுவர்தான் கண்ணில் வரும். யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும்.

பெண்டாட்டி ஜெயமேரி அவனோடு வண்டியிலேயே வருவாள். பூக்கமிஷன் கடை சுருளிவேல் முதலாளி, ஊரை விட்டுப் போன ஒரு மில் மேனேஜரிடம் பழைய வேன் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். பின்பக்கம் முழுக்க மரச்சட்டம் அடித்த வண்டி. விடிகாலையில் ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் செவ்வந்தியும் கனகாம்பரமும் எடுத்து வர வேண்டும். வண்டி ஓட்டுவது சூசைமுத்து. தராசு பிடித்துப் பூ நிறுத்து வாங்குவது ஜெயமேரி.

அந்தத் தோட்டங்களுக்குப் போகிற பாதை மாட்டுவண்டிக்கென்று விட்டது. உள்ளே போகலாம், திரும்ப இடம் இருக்காது. போன வழியே பின்னாலேயே வர வேண்டும். போதாததற்குப் பாதை ஓரம் முழுக்க மொட்டைக்கிணறுகள். சுற்றுச்சுவர் கிடையாது, தடுப்பு கிடையாது. தரை அப்படியே போய்ச் சட்டென்று நின்றுவிடும், கீழே தண்ணீர். அதனால் ஜெயமேரி இறங்கி வண்டியின் பின்மூலையில் நின்றுகொண்டு மரச்சட்டத்தைக் கையால் தட்டுவாள். என்ஜின் இரைச்சலில் வாய்ச்சத்தம் கேட்காது என்பதால் இருவரும் பேசிவைத்துக்கொண்டது அது. தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். தட்டு நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். சூசைமுத்து திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு, அந்த ‘டொக் டொக்’கை நம்பி வருவான். பல வருஷம் அப்படித்தான் வந்தார்கள். ஒரு கீறல் விழுந்ததில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் ஜெயமேரி மறுபடி உண்டானாள். முன்பு இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை ஐந்து மாதம் தாண்டிவிட்டது. “ஈரத்துல நிக்காத, வழுக்குற இடத்துல நடக்காத” என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலையை விடச் சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

“வீட்டுல உக்காந்து கூரை ஓட்டையா எண்ணச் சொல்றீக? உங்க பக்கத்துல உக்காந்து வாரதுல என்ன கேடு?”

“உக்காந்து வா. யாரு வேணாம்னா? இறங்கி பின்னாடி நிக்கிறதத்தான் சொல்றேன்.”

“நான் நிக்காட்டி, ஐயா எப்படி வருவீகளாம்?”

ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது.

அந்த வேனின் பின்கண்ணாடிக்கு ஒரு வைப்பர் உண்டு. மேனேஜர் ஆசைக்கு மாட்டியது. ஸ்டியரிங் பக்கத்தில் அதற்குத் தனி சுவிட்சு. போட்டால் கிழட்டு மாடு வாலை ஆட்டுவதுபோல ஆடி, கண்ணாடி நடுவில் ஒரு தேங்காய் மூடி அளவுக்குத் துடைத்துவிடும். மற்றதெல்லாம் சேறும் தண்ணீரும்தான். கண்ணாடி முழுக்கத் தெரிந்தால், தானே பார்த்துப் பின்னால் எடுத்துவிடலாம், மேரி இறங்க வேண்டியதில்லை என்று சூசைமுத்துவுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

நாகல்நகரில் ஷெட்டு வைத்திருந்த கருப்புசாமி, லாரியில் அவனோடு வேலை பார்த்த கூட்டாளி. பழைய பஸ் ஒன்றில் கழற்றிய நீள வைப்பரை எடுத்துவந்து மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் அது கண்ணாடியை வழித்துக்கொண்டு போய், ஓரத்து மரச்சட்டத்தில் முட்டித் திரும்பியது. டொக். மறுபடி போய், டொக்.

“ஏலே சூசை, நீளம் கூடிப்போச்சு. ஒரு விரக்கடை வெட்டி விட்டுருவமா?”

“வேணாம்ப்பா. வெட்டினா ஓரம் தெரியாது. எனக்கு ஓரந்தான் வேணும்.”

“சத்தம் கேக்குமேடா.”

“கேட்டா கேட்டுட்டுப் போகுது. சத்தம் என்ன கடிக்கவா போகுது?”

கருப்புசாமி தோளைக் குலுக்கிவிட்டு ஸ்பேனரைத் துடைத்தான்.

வீட்டு வாசலில் கண்ணாடிமேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, ஜெயமேரிக்கு ஓட்டிக் காட்டினான். மூலை முதல் மூலை வரை பளிச்சென்று வழித்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு செத்த நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. எனக்கு மாத்தா ஒருத்தியக் கொண்டாந்து பின்னாடி நிறுத்திட்டீக. அவளும் என்னையமாரியே தட்டுறா.”

இவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மறுவாரம் மழை விடாமல் பெய்தது. வேலுசாமி தோட்டத்தில் செவ்வந்தி அழுகுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். போகும்போதே பாதை சரியில்லை. சக்கரம் போட்ட தடத்தில் தண்ணீர் நின்றது. அந்தத் தோட்டத்துக் கிணறு பாதையை ஒட்டியே இருக்கும். அன்றைக்குத் தண்ணீர் மேலேறி, செம்மண் கலரில், பாதைக்குச் சமமாகத் தளும்பிக்கொண்டு கிடந்தது. எது பாதை, எது கிணறு என்று பிரித்துக் காட்ட, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கமலை கட்டுகிற கல்தூண் ஒன்றுதான் நின்றது. போன ஆவணியில் ஒரு கன்றுக்குட்டி அதில் விழுந்து போனதாக வேலுசாமி பூவை அள்ளிக் கொட்டிக்கொண்டே சொன்னார். சூசைமுத்துவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

பூவை ஏற்றியாயிற்று. “நீ இறங்க வேணாம். எனக்கு எல்லாம் தெரியுது” என்று சொல்லி, வைப்பர் சுவிட்சைப் போட்டுவிட்டு ரிவர்ஸில் எடுத்தான். உண்மையிலேயே எல்லாம் தெரிந்தது. பாதை, வேலி, தூரத்துப் பனை, எல்லாம் கழுவி வைத்ததுபோல. பாதி தூரம் வந்துவிட்டான். அந்தச் சுவர் ஒருமுறைகூடக் கண்ணில் வரவில்லை.

கிணறு நெருங்கியதும் ஜெயமேரி அவன் கையைப் பிடித்தாள்.

“நிறுத்துங்க. கரை கரைஞ்சிருக்கும்போல. பாத்துட்டு வாரேன்.”

“கண்ணாடில தெரியுதுல்ல மேரி?”

“கண்ணாடில தண்ணிதான் தெரியும். தண்ணிக்குக் கீழ மண்ணு இருக்கான்னு தெரியுமா?”

கதவைத் திறந்து, சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்போதாவது சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். கண்ணாடி தெரியட்டும் என்று விட்டுவிட்டான்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. டொக், டொக். இவன் கிளச்சை மெல்ல விட்டு வந்தான். டொக். இன்னும் கொஞ்சம் வந்தான். கண்ணாடியில் பாதை தெரிந்தது, கமலைத் தூண் தெரிந்தது. ஜெயமேரி தெரியவில்லை. அவள் எப்போதும் மூலையில் நிற்பவள், கண்ணாடிக்குள் வர மாட்டாள். டொக். வா என்றுதானே தட்டுகிறாள்? வந்தான்.

ஜெயமேரி தட்டினாள், உண்மைதான். நாலைந்து தட்டுத்தான் தட்டினாள். அதற்குள் காலடியில் கரை இளகுவது தெரிந்து கையை எடுத்துவிட்டாள். “ஹோல்டான்! நிறுத்துங்க!” என்று கத்தினாள். வண்டி நிற்கவில்லை. அவள் தட்டை நிறுத்தியும் வண்டி வந்தது அதுதான் முதல் தடவை. நம்ப முடியாமல் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு பின்னால் கால் வைத்தாள். பின்னால் தரை இல்லை.

சூசைமுத்துவுக்கு எது உறைத்தது என்று பிற்பாடு அவனுக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. வண்டி இடத்தை நெருங்க நெருங்க மேரியின் தட்டு வேகமாகும். நெஞ்சு படபடப்பதுபோல ஓடும். இது ஓடவில்லை. போய்த் திரும்பி, போய்த் திரும்பி, யாருக்கு என்ன ஆனால் என்ன என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் பிரேக்கில் ஏறி நின்றான். சக்கரம் பிடித்தும் வண்டி நிற்காமல் சேற்றில் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் எதிலோ இடித்து நின்றது. சுவிட்சை அணைத்தான். என்ஜினையும் அணைத்தான்.

மழைச் சத்தம் மட்டும். அதற்கும் அடியில், தரையோடு தரையாக, “ஏங்க” என்று ஒரு குரல்.

அவள் கமலைத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு இடுப்புவரை தண்ணீரில் கிடந்தாள். பின்சக்கரம் அதே தூணில்தான் முட்டி நின்றது. ரப்பருக்கும் அவள் விரலுக்கும் நடுவே கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். தூண் லேசாகச் சாய்ந்திருந்தது.

“வேலுசாமி அய்யா! அய்யா!” என்று சூசைமுத்து கத்தினான்.

வேலுசாமி வடக்கயிற்றோடு ஓடி வந்தார். “வண்டியத் தொடாத டிரைவரே, அசைஞ்சா மூணு பேரும் உள்ள போயிருவோம்” என்றார். இருவரும் குப்புறப் படுத்து அவளை இழுத்தார்கள். வயிறு கரைக்கல்லில் உரசிக்கொண்டு மேலே வந்தது. சூசைமுத்து அதைப் பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவள் அழவில்லை. சேற்றில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் தட்டலையே. நிறுத்திட்டேனே. அப்புறம் எதுக்கு வந்தீக?”

“சத்தம் கேட்டுச்சு மேரி.”

அவள் திரும்பி, கண்ணாடி ஓரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்த வைப்பரைப் பார்த்தாள்.

வேனை எடுக்க முடியாது. பூவும் அதற்குள்ளேயே கிடந்தது. வேலுசாமி மாட்டுவண்டியில் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ரெட்டியார்சத்திரம் ரோட்டுக்குப் போய்விட்டால் திண்டுக்கல் பஸ் வரும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். சூசைமுத்து வண்டியில் ஏறவில்லை. பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இறங்கி ஏறும்போது அவள் கண்ணை மூடித் திறப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“வலிக்குதா?”

“வலி இல்ல.”

“பின்ன?”

“காலையில இருந்து ஓயாம உதைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணையும் காணோம்.”

வேலுசாமி மாட்டை அதட்டுவதை நிறுத்திவிட்டார். மழை விட்டிருந்தது. வாய்க்கால் கடந்தது, புளியமரம் கடந்தது. தூரத்தில் தார் ரோடு தெரிய ஆரம்பித்தது.

“செத்த நிறுத்தச் சொல்லுங்க” என்றாள் திடீரென்று.

வேலுசாமி கயிற்றை இழுத்தார். வண்டி நின்றது. மாடுகள் மூச்சு விடுவது கேட்டது. ஜெயமேரி உள்ளங்கையை வயிற்றின் ஒரு பக்கம் வைத்தாள், பிறகு மறு பக்கம் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சூசைமுத்து பலகையை இறுக்கிப் பிடித்தபடி அந்த முகத்தையே பார்த்து நின்றான்.

“அசையுது” என்றாள்.

அவன் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினான்.

“ஒரு தடவைதான்” என்றாள் அவள், கையை எடுக்காமலே. “அதுக்குள்ள சந்தோசப்படாதீக. வண்டிய விடச் சொல்லுங்க.”