கொக்குப் பிடித்த கமராவும் ஒரு தாலிகட்டும்

அந்தக் கமரா என்னுடையது அல்ல. சுவிஸில் இருக்கும் அண்ணை பறவைகளைப் படம் பிடிக்கும் ஆசையில் வாங்கியது. ஒரு விடுமுறைக்கு வந்தபோது அதையும் கொண்டுவந்து, அரியாலைக் கடலேரிக் கரையில் கொக்குகளுக்குப் பின்னால் அலைந்தார். திரும்பிப் போகும்போது அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் விமானப் பயணப் பொதியின் எடைக்குள் அடங்கவில்லை. எதையாவது விட வேண்டும். அண்ணை கமராவை விட்டுவிட்டுப் போனார்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். ஆகவே கமராவையும் அப்படியே அணுகினேன். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, என்ன நடக்கிறது என்று குறித்துவைத்தேன். ஒரு மாதத்தில் அந்தக் கமராவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். படம் எடுப்பதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதை எவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்காததற்குக் காரணம் அந்த லென்ஸ். என் முழங்கை நீளம் இருக்கும், வெள்ளை நிறம். அதைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு மாலை குருநகருக்குப் போனேன், படகுகள் கரைக்கு வருவதை எடுக்க. மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என்னைக் கண்டதும் ஒரு பாரை மீனை வாலில் பிடித்துத் தூக்கினாள்.

"எந்த ரீவி, பிள்ளை?"

"ரீவி இல்லை அக்கா, சும்மா எடுக்கிறன்."

"சும்மாவோ? உவ்வளவு பெரிய சாமானோடை ஆரும் சும்மா வருவினமோ?" மீனை இன்னும் உயரத் தூக்கினாள்.

படம் மங்கலாகத்தான் வந்தது. அவளுக்குக் காட்டினேன். "வடிவாக் கிடக்கு" என்றாள், படத்தையல்ல, லென்ஸைப் பார்த்துக்கொண்டு.

இந்த நிலையில்தான் மானிப்பாயில் இருக்கும் என் தோழிக்குக் கலியாணம் முற்றானது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். மாப்பிள்ளை கனடாவில் கார் திருத்தும் கராச்சில் வேலை செய்பவர். கலியாணம் முடிந்து சில வாரங்களில் அவர் திரும்பிப் போய்விடுவார். அவள் போய்ச் சேர விசா வேண்டும். விசா விண்ணப்பத்தோடு, கலியாணம் உண்மையாகவே நடந்தது என்று காட்டப் படங்கள் வைக்க வேண்டும். எது இல்லாவிட்டாலும் தாலி கட்டும் படம் இல்லாமல் அந்தக் கோப்பை அனுப்ப எங்கள் ஊரில் ஒருவரும் துணிய மாட்டார்கள்.

"படம் நீதான் எடுக்கிறாய்" என்றாள் தோழி. "'நாடியைத் தூக்குங்கோ, தோளைச் சரியுங்கோ' எண்டு தெரியாத ஆக்கள் சொல்லச் சொல்ல நான் பொம்மை மாதிரி நிக்க மாட்டன்."

நான் அன்ரி என்று கூப்பிடும் அவளுடைய அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நான் இருக்கும்போதே சொன்னார். "கொக்குப் பிடிச்ச கமராவாலை கலியாணம் பிடிக்கலாமோ? ரவுணிலை நல்ல ஸ்ரூடியோக்காரர் இருக்கினம்."

"அம்மா, ஸ்ரூடியோக்காரரிட்டையே உந்தக் கமரா இல்லை!"

"கமரா கிடக்கட்டும். எங்கடை குசினியிலையும் நல்ல கிரைண்டர் கிடக்கு. நீ அரைச்ச சம்பலை ஆர் சாப்பிட்டது?"

தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்ரி சிரிக்கவில்லை. "பிள்ளை, நான் பகிடிக்குச் சொல்லேல்லை. தாலி ஏறுற படம் சரியா வராட்டி இவள் இஞ்சை, அவர் அங்கை. அதை மட்டும் யோசி" என்றார்.

நான் யோசித்தேன். எனக்கு யோசிப்பது என்றால் பட்டியல் போடுவது. பற்றரிகள், நினைவட்டைகள், துடைக்கும் துணி. மண்டபத்துக்கு முதல் நாளே போய், மணவறை இருக்கும் இடத்தில் இரண்டு கதிரைகளை வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்தேன். எந்த இடத்தில் நின்றால் எந்த முகம் தெரியும் என்று தரையில் கோடு போடாத குறை. கலியாணப் படம் எடுப்பது எப்படி என்று இணையத்தில் கிடைத்த காணொளிகளையெல்லாம் பார்த்தேன். தாலி கட்டும் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தபடியே பெண்ணின் பக்கம் சரிகிறார், கைகள் கழுத்துக்குப் போகின்றன, இருவர் முகமும் கமராவுக்கு நேரே. நேர் முன்னால் நிற்க வேண்டும், கொஞ்சம் தூரத்தில், நீள லென்ஸோடு. முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் காணொளிகள் எல்லாம் தமிழ்நாட்டுக் கலியாணங்கள். எங்கள் ஊரில் நான் எத்தனையோ கலியாணங்களுக்குப் போயிருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கிட்டவான கதிரைகளிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் தாலிகட்டு என்பது முன்வரிசைக்காரரின் பிடரிகள்.

கலியாண நாள் காலை மிக நன்றாகத் தொடங்கியது. நான் உள்ளே நுழைந்ததும் மண்டபமே எனக்கு வழிவிட்டது. மாலையோடு வந்தவர்கள் என் முன்னால் நின்று திரும்பினார்கள். ஆராத்தி எடுத்த பெண்கள் நான் தலையசைக்கும்வரை தட்டை இறக்கவில்லை. ஐயர்கூட ஓமத்துக்கு நெய் விட முதல் என்னைப் பார்த்து, "விடட்டோ, பிள்ளை?" என்று கேட்டார். நான் பெருந்தன்மையோடு "விடுங்கோ ஐயா" என்றேன். அக்கினி தேவனே என் அனுமதிக்குக் காத்திருப்பது போலிருந்தது. எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியதை மறைக்க முடியவில்லை.

தாலியைத் தட்டில் வைத்துச் சபையோரிடம் ஆசி வாங்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோர் கையிலும் தூவி வாழ்த்த அறுகரிசி. நான் என் இடத்தில், நேர் முன்னால், முழங்காலில் நின்றேன். பெண்ணின் குனிந்த முகம் கண்ணாடித் தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சம் அருமை.

"என்ன பிள்ளை, கட்டலாமோ?" என்று கேட்டார் ஐயர்.

"ஓம் ஐயா."

மாப்பிள்ளை எழுந்தார். எழுந்து, கிழக்குப் பார்த்து இருந்த பெண்ணின் முன்னால் வந்து, மேற்குப் பார்த்து நின்றார். அதாவது என் லென்ஸுக்கு நேரே, முதுகைக் காட்டிக்கொண்டு. எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை நின்றுதான் தாலி கட்டுவார் என்பது அந்தக் கணத்தில்தான் என் பட்டியலில் ஏறியது. கெட்டிமேளம் முழங்கியது. அறுகரிசியும் பூவும் மழையாகக் கொட்டின. அண்ணையின் விலையுயர்ந்த லென்ஸ் வழியாக நான் பார்த்தது பட்டுச் சால்வையின் நெசவை. ஒவ்வொரு இழையும் துல்லியம்.

பக்கத்தால் ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் பக்கங்களில் சுவர் மாதிரிச் சனம். மாமிமார், சித்திமார், தூக்கிய கைகளில் கைபேசிகள். "கொஞ்சம் விலத்துங்கோ" என்றேன். என் குரல் மேளத்தில் எனக்கே கேட்கவில்லை. லென்ஸை முன்னால் நீட்டினேன். சுவர் பிளந்தது. "போட்டோக்காரப் பிள்ளை வருது, விடுங்கோ, விடுங்கோ" என்று ஒருவரையொருவர் இழுத்து ஒதுக்கினார்கள். அந்த லென்ஸ் அன்று செய்த மிகப் பெரிய வேலை அதுதான்.

மணவறையின் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்தேன். கமராவைத் தூக்கினேன். ஒன்றும் தெரியவில்லை, ஒரு காது மட்டும் பனிமூட்டத்துக்குள் தெரிந்தது. கொக்குக்கான லென்ஸ் அது. இவ்வளவு கிட்டத்தில் அதற்குப் பார்வை இல்லை. சின்ன லென்ஸ் தோள்பையில் இருக்கிறது. மாற்றுவதென்றால் கமராவின் வாயைத் திறக்க வேண்டும். தலைக்கு மேலே அறுகரிசி மழை, ஒரு மணி உள்ளே விழுந்தால் கமரா போச்சு.

தாலி ஏறி முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஏறவில்லை. எங்கள் பக்கத்துத் தாலிக்கொடி கனத்த பொன் கொடி, கழுத்துக்குப் பின்னால் திருகிப் பூட்டுவது. மாப்பிள்ளையின் விரல்கள் அந்தச் சின்னஞ்சிறு சுரைப்பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பூட்டு ஏறவில்லை. மேளகாரர் நிறுத்த முடியாமல் அடித்துக்கொண்டேயிருந்தார். நாதஸ்வரக்காரரின் கன்னம் வெடித்துவிடும் போலிருந்தது.

மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். "டேய் மச்சான், கனடாவிலை எஞ்சினே பூட்டுறாய், உதைப் பூட்ட ஏலாதோ?"

"ஸ்பனர் கொண்டுவரட்டோ?" என்றான் இன்னொருவன்.

சபை சிரித்தது. எனக்கு நேரம் கிடைத்துவிட்டது. ஆனால் அரிசி நிற்கவில்லை. பூட்டு ஏறும்வரை போடத்தான் வேண்டும் என்று எல்லோரும் மறுபடி மறுபடி அள்ளி எறிந்தார்கள். அப்போது என் தலைக்கு மேல் சிவப்பாக ஏதோ விரிந்தது. அன்ரி. மணப்பெண்ணின் அம்மா, மணவறையை விட்டு நகர்ந்து வந்து, தன் பட்டுச் சீலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னத்தை மாத்த வேணுமோ கெதியா மாத்து பிள்ளை!"

"அன்ரி, நீங்கள் அங்கை நிக்க வேணுமெல்லோ…"

"கதைக்காதை! மாத்து!"

மாற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் மாற்றியதில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, சின்ன லென்ஸில் எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளை நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, எஞ்சினுக்குள் எட்டிப் பார்ப்பவர் போலக் குனிந்திருந்தார். தோழியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மற்றப் பக்கம் திருகுங்கோ" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

"நீர் கழுத்தை ஆட்டாமல் இரும்" என்றார் அவர்.

நான் பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன். பூட்டு ஏறியது. மேளகாரர் கையை உதறினார்.

அடுத்த கிழமை அன்ரி வீட்டுக் கணினியில் எல்லாப் படங்களையும் போட்டுக் காட்டினேன். தாலிகட்டுப் படம் வந்தது. இமையில் ஒட்டிய ஒரு அரிசியோடு தோழி சிரிக்கிறாள். மாப்பிள்ளையின் நாக்கு வெளியே தெரிகிறது. மேல் மூலையில் சிவப்புப் புகை மாதிரிச் சீலைத் தலைப்பு.

"கடவுளே" என்றார் அன்ரி. "தாலி ஏறேக்கை பெட்டை பல்லைக் காட்டுறாள். விசாக்காரர் என்ன நினைப்பினம்? நாடகம் எண்டு நினைப்பினம்."

"நாடகமெண்டால் ஒழுங்காக் குனிஞ்சிருப்பன் அம்மா. இதுதான் போகுது."

நான் குறுக்கே, "அந்தச் சிவப்பை மட்டும் வெட்டிவிடட்டோ அன்ரி, பிழை மாதிரித் தெரியுது" என்றேன்.

அன்ரி திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். "வெட்டாதை" என்றார். "என்ரை பிள்ளைக்குத் தாலி ஏறேக்கை நான் எங்கை நிண்டனான் எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால்?"

அதன் பிறகு என்னைத் தேடி அழைப்புகள் வந்தன. பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, கடை திறப்பு. "பெரிய கமராப் பிள்ளையோ?" என்றுதான் தொடங்குவார்கள். நான் போகிறேன். ஆனால் இப்போது முதலில் கேட்பது கமராவைப் பற்றியல்ல. ஐயரிடம் போய், யார் எந்தத் திசை பார்த்து நிற்பார்கள், யார் எப்போது எழும்புவார்கள் என்று கேட்கிறேன். வீட்டு மனிதர்களிடம், யார் வந்தால் அழுவீர்கள், யார் வந்தால் சிரிப்பீர்கள் என்று கேட்கிறேன். சிலர் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். நல்ல கமரா இருந்தால் என்னைப் போல ஒருத்திக்கு மண்டபத்தில் முன்னிடம் கிடைக்கும். இருட்டிலும் படம் தெளிவாக வரும். மாப்பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவார் என்று அது சொல்லாது. நான் இன்னும் தொழில்காரி இல்லை. தொழில்காரி ஆவதற்கு என்ன தெரிய வேண்டும் என்பது ஓரளவு தெரிந்தவள்.

விசா நேர்முகத்துக்குத் தோழி கொழும்புக்குப் போனாள். அங்கே இருந்த பெண் அதிகாரி கோப்பைப் புரட்டி, அந்தப் படத்தில் நிறுத்தி, "ஏன் சிரிக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். தோழி உண்மையைச் சொன்னாள். "அவர் பிழையான பக்கம் திருகினார், நான் சொல்லியும் கேட்கவில்லை." பிறகு மாப்பிள்ளையிடமும் தொலைபேசியில் அதே கேள்வி. அவர் தன் உண்மையைச் சொன்னார். "நான் சரியாகத்தான் திருகினேன், அவள்தான் கழுத்தை ஆட்டினாள்."

அன்ரி தலையில் கை வைத்தார். "ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்லிப்போட்டியள். போச்சு, எல்லாம் போச்சு!" பதில் வரும்வரை பிள்ளையார் கோயிலில் அவர் உடைத்த தேங்காய்களால் நாங்கள் எல்லோரும் சொதி வைத்துச் சாப்பிட்டோம்.

விசா கிடைத்தது. தோழி வீட்டு வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அன்ரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பொய்க் கலியாணம் எண்டால் ரெண்டு பேரும் பாடமாக்கி ஒரே கதை சொல்லியிருப்பினம். இப்பிடிச் சண்டை பிடிக்கிறது புருசன் பெஞ்சாதிதான் எண்டு அந்த விசாக்காரப் பிள்ளைக்கு விளங்கியிருக்கும்" என்றார்.

இப்போது தோழி கனடாவில் இருக்கிறாள். கதைக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும். "நான் சரியாத்தான் திருகினனான் எண்டு சொல்லும்!" உடனே சண்டை தொடங்கும்.

போன மாதம், ஒரு ஓய்வான ஞாயிற்றுக்கிழமை, அன்று அடுத்தடுத்து எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கமரா எவ்வளவு நுணுக்கமானது என்பது அப்போதுதான் தெரிந்தது. விரல் நகரும் திசை சரி. தோள் குலுங்கினாலும் கழுத்து அசையவில்லை. மாலையிலிருந்து பிரிந்த ஒரு வாழைநார், மயிரை விட மெல்லியது, சுரைப்பூட்டின் வாய்க்குள் சிக்கியிருக்கிறது. கடைசிப் படத்துக்கு முந்திய படத்தில் அது அறுகிறது.

இரண்டு பேரிலும் பிழையில்லை. நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் பிறகு எதற்குச் சண்டை பிடிப்பார்கள்?