வேலி போட விடாத மதாம் செசீல்

புதுச்சேரி லாசுப்பேட்டை விமானத் திடலின் வாசலில், விருந்தினர் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது எனக்கு அந்தச் செய்தி வந்தது. சென்னையிலிருந்து வரும் சிறிய விமானம் இன்னும் கண்ணில் படவில்லை. வாயிற்காவலர் கோதண்டம் தொலைபேசியை வைத்துவிட்டு வெயிலில் இறங்கி வந்தார். "அண்ணே, உங்க ஆபீஸ்லேர்ந்து போன். மதாம் தவறிட்டாங்களாம். காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவங்கதானாம். நீங்க கௌம்புங்க, வர்றவங்கள நான் ரிக்‌ஷா ஏத்தி வுடறேன்" என்றார். தலையாட்டினேன், ஆனால் போகவில்லை. விருந்தாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன் என்று தெரிந்தால், செத்த பிறகும் எழுந்து உட்கார்ந்து திட்டக்கூடியவர் மதாம். விமானம் இறங்கியது. வந்தவர்களை வரவேற்று, அவர்கள் தங்கும் வீட்டில் சேர்த்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த மின்விசிறி சுற்றும் என்று காட்டிவிட்டுத்தான் அவரைப் பார்க்கப் போனேன். அங்கே போன பிறகுதான் அழுதேன்.

மதாம் செசீலை அறிந்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவர் இறந்தபின், அந்த நாட்டில் தங்காமல் புதுச்சேரிக்கே திரும்பி வந்து, மிஷன் வீதியை ஒட்டிய ஒரு தெருவில் விமானப் பயணச்சீட்டு எடுத்துத் தரும் சிறிய அலுவலகம் திறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், பஞ்சாலை வேலையை விட்டு வெளியே வந்த நான், தட்டச்சு தெரியும் என்ற ஒரே தகுதியோடு அங்கே சேர்ந்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முதல் நாளே என்னை 'முசே', பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிட்டார். அது மரியாதையா கிண்டலா என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவர் முத்தம்மாள். மகன் அங்கே ஒரு மருத்துவமனையில் கவலைக்கிடமாகக் கிடக்கிறான் என்று தந்தி வந்து, மதாம் அலைந்து திரிந்து அவருக்கு இடம் பிடித்தார். துணைக்குத் தானே சென்னை வரை பேருந்தில் கூட்டிப் போனார். திண்டிவனம் தாண்டிப் பேருந்து பழுதாகி நின்றது. வேறு வண்டி பிடித்து மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது விமானம் புறப்பட்டிருந்தது. அடுத்த விமானத்தில் முத்தம்மாள் போய்ச் சேர்ந்தபோது மகனின் அடக்கம் முடிந்திருந்தது. அலுவலகத்துக்குத் திரும்பிய மதாம் செருப்பைக் கூடக் கழற்றாமல், "முசே, மிஷின்ல பேப்பர சொருவுங்க. நம்மூர்லேர்ந்து ப்ளேன் வேணும்னு சர்க்காருக்கு எழுதுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அன்று தொடங்கிய விண்ணப்பம் ஓயவில்லை. அதிகாரிகள் மாறுவார்கள், மேசை மாறும், மதாம் மாறமாட்டார். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் எரிச்சலில் இருந்தார். "கடலூர் பஸ்ஸ கேக்கற மாதிரி ப்ளேன கேக்கறீங்களேம்மா" என்றார். மதாம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "கடலூர் பஸ்ஸும் யாரோ போயி கேட்டு வந்ததுதானே சார்? நான் அடுத்த மாசம் வர்றேன்" என்றார். சொன்னபடி அடுத்த மாதம் போனார். இந்த ஊரில் அவருக்குப் பிடிவாதக்காரி என்ற பெயர் வந்தது இப்படித்தான். அந்தப் பெயரைக் கேட்டு அவர் ஒருநாளும் கோபித்ததில்லை.

எண்பதுகளில் ஒருவழியாக அசைவு தெரிந்தது. சிறிய விமானம் விடலாம், ஆனால் இருக்கைகள் காலியாகப் பறந்தால் சில மாதங்களில் நிறுத்திவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு ஹோட்டல் முதலாளி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, இனிமையான பேச்சு. ஊருக்கு வடக்கே பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் குடில்கள் கட்டப்போவதாகவும், விமானத்தில் பாதி இருக்கைகளைத் தன் விருந்தாளிகளே நிரப்புவார்கள் என்றும் சொன்னார். மீனவர்கள் கருவாடு காயவைக்கும் மணல்வெளி மட்டும் அவருக்கு வேண்டும். சுற்றி வேலி போடவேண்டும். மதாம் சொன்னால் ஊர் கேட்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மதாமின் கண்ணில் விமானம் தெரிந்தது. மறுநாளே முதலாளியைக் கூட்டிக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் புறப்பட்டார், நானும் போனேன்.

கோயில் எதிரில் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி வரைபடத்தை விரித்து, வேலைவாய்ப்பு, வளர்ச்சி என்று அழகாகப் பேசினார். பெண்கள் பக்கத்திலிருந்து அஞ்சலை எழுந்தார். எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவருபவர் அவர். "கருவாட்ட எங்க காயப் போடறது மதாம்? இவரு மோட்டார் போட்டு தண்ணி எறைச்சா எங்க கெணத்துல உப்பு ஏறிடாதா?" என்று கேட்டார். முதலாளி பதில் சொல்ல வாயெடுத்தார். அஞ்சலை அவரைப் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்லுங்க மதாம். ப்ளேனு மேல போவும். நாங்க வேலிக்கு வெளியில நின்னு அண்ணாந்து பாப்போம். அதானே?"

பத்து வருடங்களுக்கு மேல் அதிகாரிகளுக்கு உடனுக்குடன் பதில் கொடுத்த மதாம், அன்றைக்கு அஞ்சலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார். திரும்பும் வழியில் காரிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டார். "விருந்தாளி வரலாம் சார். விருந்தாளிக்காக வீட்டுக்காரன் எழுந்து போவக்கூடாது. வேலி வேணாம்." அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப ப்ளேனும் வேணாமா?" என்று கேட்டார். "ப்ளேன் வேணும்" என்றார் மதாம். முதலாளிக்கு இது புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் புரியவில்லை. ஊரே ஏசியது. தேடி வந்த மகராசனை விரட்டிவிட்டாள் என்று கடைத்தெருவில் என் காதுபடவே பேசினார்கள். மதாம் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பாதி சீட்ட நாம ரொப்புவோம் முசே" என்றார். எதை வைத்து என்று கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தார்.

அவ்வளவும் சாவிகள். பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் போய் ஜன்னலைத் திறந்து காற்று விட்டு, பெருக்கி, மறுபடி பூட்டுவோம். எத்தனை வீடுகளில் நானே ஒட்டடை அடித்திருக்கிறேன்! கிணறு இருக்கிறது, முற்றம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஆள்தான் இல்லை. புதிதாக ஒரு செங்கல் வைக்காமல், ஒரு கிணறு தோண்டாமல், அந்த வீடுகளில் விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம் என்றார் மதாம். சமைக்க அந்தந்தத் தெருப் பெண்கள், மீன் அஞ்சலையின் கூடையிலிருந்து. வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினோம். பதில் வந்த வீடுகளைத் திறந்தோம்.

இங்கேதான் ஒரு கூத்து நடந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்ட இஞ்ஞாசி என்பவருக்கு நாங்கள் எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை. அவர் தம்பி சரி என்று சொன்னதை நம்பி வீட்டைத் திறந்துவிட்டோம். ஆகஸ்டு மாதம் வக்கான்சு என்று விடுமுறைக்கு எங்கள் ஆட்கள் அங்கிருந்து வருவார்கள், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று சொந்தக்காரர்களைத் திகைக்க வைப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. இது ஊருக்கே தெரியும், மதாமுக்குத் தெரியாதா? ஆனால் மறந்துபோனார். இஞ்ஞாசி பெட்டியோடு உள்ளே நுழைந்தபோது, கூடத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தரையில் சம்மணமிட்டு வாழையிலையில் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மிக மரியாதையாக அவருக்கு 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னாராம்.

இஞ்ஞாசி நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "என் வூட்லயே என்ன வாங்க உக்காருங்கன்றாங்க மதாம்! என்னா நடக்குது இங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரித் தையல்காரர் எழுந்து வந்துவிட்டார். மதாம் சமாதானம் எதுவும் தேடவில்லை. "என் தப்பு இஞ்ஞாசி. இப்பவே காலி பண்ணச் சொல்றேன்" என்று எழுந்தார். இஞ்ஞாசி அவரைக் கையமர்த்தினார். பிறகு, "சாப்புட்டுகினு இருக்கறவன எழுப்பாதீங்க, பாவம்" என்றார். அந்தத் தம்பதி மாடியில் தங்க, அவர் கீழே தங்கினார். மாலையில் மூவரும் கடற்கரையில் நடப்பதை நானே பார்த்தேன். பிரான்சுக்குத் திரும்பும் முன் சாவியை மீண்டும் டின்னில் போட்டுவிட்டு, அங்கே தன் நண்பர்களிடமும் பேசுவதாகச் சொன்னார். பேசினார். அதன் பிறகு சாவிகள் தாமாக வந்தன. அந்த வீடுகளுக்கு வர எழுதிக் கேட்டவர்களின் கடிதக் கட்டைத்தான் மதாம் அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

விமானம் வந்தது. முதல் வாரத்தில் ஒருநாள் மதாமும் நானும் சென்னை வேலையாக ஏறினோம். ஊருக்கெல்லாம் சீட்டு எடுத்துக் கொடுத்த எனக்கு, பெல்ட்டைப் போடத் தெரியவில்லை. மதாம்தான் மாட்டிவிட்டார். மேலே ஏறியதும் எல்லோரும் நகரத்தைப் பார்க்க, அவர் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வடக்கே பார்த்தபடி இருந்தார். திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தார். "முசே, அதோ பாருங்க! கருவாடு காயுது!" கீழே பிள்ளைச்சாவடி மணலில் வெள்ளித் திட்டுகள் மின்னின. நெத்திலியாகத்தான் இருக்கும். அவர் அழுதுகொண்டிருந்தார். முத்தம்மாளையும் நினைத்திருப்பார். நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு ஊர் திரண்டு வந்தது உங்களுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் அஞ்சலை என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வெளியே வரும்போது அந்த ஹோட்டல் முதலாளியும் வந்து என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். வந்ததற்கு நன்றி சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இப்பல்லாம் ப்ளேன்ல சீட்டு காலியா போவுதாமே? நிறுத்தப்போறதா பேச்சு. இனிமே நீங்கதானே எல்லாம்? பிள்ளைச்சாவடி விஷயம், ஒரு தடவ உக்காந்து பேசலாமா?" என்றார்.

சீட்டு காலியாகப் போவது உண்மைதான். நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. மதாம் இருந்தால் என்ன கணக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியாது. அவர் விட்டுப் போனதில் அந்தப் பிஸ்கட் டின் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் இன்னும் திறக்காத வீடுகளின் சாவிகள் கிடக்கின்றன. பூட்டைத் திறக்கத் தெரியும், ஒட்டடை அடிக்கத் தெரியும், அதிகாரி திருப்பி அனுப்பினால் அடுத்த மாதம் திரும்பப் போகவும் அவரிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் கையிலிருந்து என் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

"அங்க கருவாடு காயுது சார்" என்றேன்.