மாதக் கடைசிவரை காத்திராத படிவம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஆய்வு அலுவலகம் வேலை தந்தது. கொட்டாஞ்சேனைச் சந்துகள் எனக்குப் பழக்கம் என்பதுதான் காரணம். போதைப்பொருள் பாவிப்பவர்களோடு கதைத்து, புதிதாக எது வருகிறது, எது குறைந்திருக்கிறது, உடம்பை என்ன செய்கிறது என்று படிவத்தில் எழுத வேண்டும். பெயர் எழுதக்கூடாது. புத்தி சொல்லவும் கூடாது. சொன்னால் அடுத்த மாதம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்களாம். படிவங்களை மாதக் கடைசியில் கொடுத்தால் போதும்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஒரு படிவத்துக்கு மூன்று பேனை கொண்டு போகிற ஆள்.

ஒருநாள் காலையில் இரண்டு பேர், வேறு வேறு சந்தில், ஒரே கதையைச் சொன்னார்கள். புதிதாக வந்திருக்கும் தூள் ஆளை அடித்துப் போடுகிறது. உலுக்கினாலும் எழும்ப முடிவதில்லை. மூன்றாவதாகச் சந்தித்தவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர். மலையகத்திலிருந்து வந்து வாடகை அறையில் தனியாக இருக்கிறார்.

“என்னக்கா, இப்புடி வேர்த்துக் கொட்டுது? பாவிக்கிறது நானா, நீங்களா?” என்று சிரித்தார்.

“புதுத் தூள் எடுத்தனீங்களா?”

“வாங்கி வச்சிருக்கேன். வேல முடிஞ்சு ரூமுக்குப் போயிதான்.”

“கதவைப் பூட்டுவீங்களோ?” படிவத்தில் அப்படியொரு கேள்வி இல்லை.

“பின்ன? வீட்டுக்காரம்மா பாத்தா வெளிய தள்ளிருவாங்களே.”

எழுதி முடித்து விடைபெற்றேன். சந்து முனையைத் தாண்டிக் கால் போகவில்லை. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் பூட்டிய அறைக்குள் அந்த மனிதர் போய்விடுவார். மேற்பார்வையாளருக்கு போன் எடுத்தேன். கோர்வையாகச் சொல்ல வராததால் மூன்று படிவங்களையும் அப்படியே வாசித்தேன்.

“மிஸ், மாசக் கடைசிவரைக்கும் இதை வச்சிருக்க ஏலாது. எனக்குப் பயமாக் கிடக்கு.”

மிஸ் சந்துகளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, “பயந்தது நல்லது. உடனே அவரிட்டத் திரும்பிப் போங்கோ. இண்டைக்குப் புத்தி சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கும் மற்ற இடங்களுக்கும் நான் அறிவிக்கிறன்” என்றார்.

ஓடினேன். அவர் இன்னும் அங்கேயே நின்றார்.

“அதைத் தொடாதேங்கோ. தொடுறதெண்டாலும் தனிய வேண்டாம், கதவைப் பூட்ட வேண்டாம். அதில என்னவோ கலந்திருக்கு போல.”

“நீங்க எழுதுற ஆளுதானே? சொல்ற ஆளு இல்லையே?”

“இண்டைக்குச் சொல்லச் சொல்லிட்டினம்.”

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்துக் கூட்டாளியை அழைத்தார். “டேய், நேத்து வாங்குனதத் தொட்றாத. நானும் தொடல. ரூமுக்கு வா.”

அவர் அதோடு பழக்கத்தையே விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். விடவில்லை. ஆனால் அடுத்த கிழமை அந்தக் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

“அக்கா, இவனும் சொல்லணுமாம், எழுதிக்கங்க. அப்பறம், விடுறதுக்கு மருந்து குடுக்கிற கிளினிக் எத்தன மணிக்குத் தொறக்கும்?”

“எட்டரைக்கு.”

“நீங்களும் வருவீங்களா?”

“ஏழு மணிக்கே வந்து நிப்பன்.”